அண்ணாச்சி வந்தால் முடங்கும் மெஷின்

காலையில் எழுந்ததிலிருந்து எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பாலைப் பொங்கவிட்டேன், அடுப்பைத் துடைத்தேன், துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தேன். சுந்தரபாண்டியன் அண்ணாச்சி மதியத்துக்குள் வருவதாகச் சொல்லியிருந்தார். இன்றைக்கும் அவர் முன்னால் என் கம்ப்யூட்டர் சண்டித்தனம் பண்ணினால் என் பிழைப்பு போச்சு.

கோவில்பட்டியில் வீட்டு முன்னறையில் ஒரு டெஸ்க்டாப்பை வைத்துக்கொண்டு நான் தீப்பெட்டி லேபிள் வரைந்து கொடுக்கிறேன். விஜி டிசைன்ஸ் என்று போர்டெல்லாம் உண்டு. போர்டுதான் பெரிது, வேலை கொடுக்கிற பார்ட்டி ஒரே ஒருத்தர். அது அண்ணாச்சி. சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறார்; எங்கள் ஊரில் தொழிற்சாலைக்கு அதுதான் பேர். வடக்கே ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு படம் போட்டு அனுப்புவார். அன்னம், மான், அன்னாசிப்பழம் எல்லாம் என் கையில் பிறந்தவைதான். என் வீட்டுக்காரர் மணிகண்டபிரபு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அண்ணாச்சி வேலையும் நின்றுவிட்டால் அங்கே தனியாக உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு, தையலில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வதில் தப்பில்லை. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. நான் படம் வரைகிறவள். பனியனுக்குக் கை ஒட்டுவதற்கா இத்தனை வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன்?

இந்த மெஷினுக்கு ஒரு கெட்ட குணம் வந்திருந்தது. நான் தனியாக இருந்தால் நல்ல பிள்ளையாக ஓடும். அண்ணாச்சி வந்து உட்கார்ந்தால் முடங்கிவிடும். அவர் வந்தவுடன் படத்தைப் பார்க்கிற ஆளில்லை. முதலில் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை மேசையில் வைப்பார். பிறகு வாயுத்தொல்லையில் ஆரம்பித்து, ஆள் கிடைக்காத கஷ்டம், மக்காச்சோளத்தில் விழுந்த புழு, சென்னை மாப்பிள்ளையின் திமிர் என்று ஒரு சுற்றுப் போய் வருவார். பார்ட்டி ஆயிற்றே, நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் படத்தைக் காட்டச் சொல்லும்போது திரை இருண்டிருக்கும். ஒரு பட்டனை அமுக்குவேன். வெளிச்சம் வரும், கூடவே சனியனும் வரும். மவுஸை நகர்த்தினால் அம்பு யோசித்து யோசித்து நகரும். இப்போது அவருக்கு வரைகிற மரங்கொத்தி லேபிளில் அலகு முதலில் வரும். அவர் டீயைக் குடித்து முடித்த பிறகுதான் வால் வரும்.

டெல்வினைக் கூப்பிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். அவர் வந்து ஆன் பண்ணினால் இந்த மூதேவி பறக்கிறது! வேண்டாத ஃபைலையெல்லாம் அழித்தார். அடுத்த தடவை வைரஸ் பார்த்தார். அதற்கடுத்த தடவை விண்டோஸையே புதிதாகப் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் சரியாகிவிட்டது என்று அண்ணாச்சியிடம் நான் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் அவர் எதிரே அசிங்கப்பட்டேன்.

போன வாரம் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். அன்பாகச் சொன்னார்.

"எனக்கும் இந்த மெஷினுக்கும் ராசி இல்லம்மா. நீ நல்லாத்தான் வரையுதே. நான் வந்து உக்காந்தா அது படுத்துக்கிடுது. தொழில்ல ராசி பாக்காம இருக்க முடியுமா?"

சிவகாசியில் ஒரு ஆளைப் பார்த்து வைத்திருப்பதாகவும், மரங்கொத்தியை மட்டும் கடைசியாக ஒரு தடவை வந்து பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடைசித் தடவைதான் இன்றைக்கு.

மெஷினை ஆன் பண்ணி, மரங்கொத்தியைத் திறந்து வைத்தேன். நன்றாகவே ஓடியது. அந்த நேரம் பார்த்து எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து அக்கா பொன்மணி போன் பண்ணினாள். மச்சானோடு சண்டை. உளுந்து எடுக்க ஆள் சொல்லாமல் ஊர் சுற்றுகிறாராம். வைக்கவும் முடியாமல் கேட்கவும் முடியாமல் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். மற்ற நாளென்றால் எழுந்திருக்கும்போதே மெஷினை ஆஃப் பண்ணிவிடுவேன். கரண்ட் பில்லுக்குப் பயந்தவள் நான், உலை வைக்கப் போனாலும் ஆஃப் பண்ணிவிட்டுத்தான் போவேன். இன்றைக்கு அக்காவின் அழுகையில் மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது திரை இருண்டு கிடந்தது. பட்டனை அமுக்கினேன்.

அம்பு ஊர்ந்தது.

நான் அண்ணாச்சி உட்காரும் நாற்காலியைப் பார்த்தேன். அது காலியாகத்தான் இருந்தது. அடப்பாவி, ராசியுமில்லை, ஒன்றுமில்லை. இது தூங்கி எழுந்தால் படுத்துக்கொள்கிறது. அண்ணாச்சி பேசுகிற நேரத்தில் மட்டும்தான் இந்த வீட்டில் இது தூங்கவே செய்கிறது!

டெல்வினுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் மாறியது.

"பெட்டிக்குப் பின்னால கைய வச்சுப் பாருங்கக்கா. காத்து வருதா?"

பின்பக்கத்திலிருந்து லேசாகக் காற்று வந்தது. ஆனால் பக்கத் தகட்டில் கை வைத்தால் சுட்டது. வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். இத்தனை நாள் அதைத் திறக்காமலே வைத்தியம் பார்த்த ஆளைத் திட்ட வேண்டும் போல இருந்தது. நேரமில்லை. திருப்புளியை எடுத்துத் தகட்டைக் கழற்றினேன். நான் எதிர்பார்த்தது தூசியைத்தான். நம் ஊர்க் காற்றடித்தால் கரிசல் மண் சோற்றுப் பானைக்குள்ளேயே வரும். தூசி இருந்தது. அதற்கு நடுவே, பின்பக்க ஃபேனில் இல்லை, உள்ளே இருக்கிற சின்ன ஃபேனின் அச்சில் பழுப்பாக ஏதோ சுற்றிக் கிடந்தது. இழுத்தேன். வாழைநார். அதன் நுனியில் கருகிப்போன செவ்வந்தி ஒன்று ஒட்டியிருந்தது.

டெல்வின் விளக்கினார். முழுசாக ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் ஃபேன் ஒரு உதறலோடு முழு வேகத்தில் கிளம்பி, நாரையும் இழுத்துக்கொண்டு சுற்றிவிடும். தூங்கி எழும்போது மெதுவாகத்தான் ஆரம்பிக்கும், நார் பிடித்து நிறுத்திவிடும். காற்றில்லாமல் உள்ளே சூடேறும். சூடேறினால் கருகிப்போகாமல் இருக்க மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் கதை.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அது மாலை கட்டிய நார். அந்த மாலை யார் போட்டது என்று எனக்குத் தெரியும். ஆயுத பூஜையன்று கழுகுமலை கோயிலிலிருந்து அண்ணாச்சியே கொண்டுவந்து, தன் லேபிள் பிறக்கிற இடம் என்று சொல்லித் தன் கையாலேயே இந்தப் பெட்டிக்குப் போட்ட மாலை. சாமி மாலையைக் கையால் பிய்க்கக் கூடாது, காய்ந்து தானாக உதிரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். உதிர்ந்தது. பெட்டியின் மேல்மூடி முன்பே உடைந்திருந்ததால் உள்ளேயே உதிர்ந்தது.

தகட்டை மாட்டி வயரைச் சொருகி, படத்தைத் திறந்து வைத்து நிமிர்ந்தால் வாசலில் அண்ணாச்சி. கையில் பொட்டலம் இல்லை. உட்காரவும் இல்லை.

"சிவகாசியில பேசிட்டேன் விஜி. போன்ல சொல்ல மனசு வரலை. நேர்ல சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

நாரைக் குப்பையில் போட்டுவிட்டு, சரி பண்ணிவிட்டேன் என்று சொல்லலாம். அதைத்தான் மூன்று தடவை கேட்டுவிட்டாரே, நம்புவாரா? உண்மையைச் சொன்னால், அவர் ஆபீஸில் அவரைத் தப்பென்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. சாமி மாலையைக் குறை சொல்கிறாள் என்று ஒரேயடியாகப் போய்விட்டால்? உள்ளங்கையில் நார் குத்தியது. எனக்கு எதையும் நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. கையை நீட்டினேன்.

"ராசியெல்லாம் இல்ல அண்ணாச்சி. நீங்க பூசைக்குப் போட்ட மாலை. நார் உள்ள விழுந்து ஃபேனைப் பிடிச்சிருக்கு. இது தூங்கி எந்திரிச்சாத்தான் மக்கர் பண்ணும். நீங்க பேசிக்கிட்டு இருக்கையில தூங்கிரும்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. நாரை வாங்கிப் பார்த்தார். காய்ந்த பூவை விரலால் தொட்டார்.

"நான் போட்டதா?"

"நீங்க போட்டதுதான். மூடி ஒடைஞ்சு கெடந்தது என் வீட்ல. உக்காருங்க. அது தூங்குத வரைக்கும் இருங்க. எந்திரிச்சும் படுத்துச்சுன்னா நானே உங்கள சிவகாசிக்கு அனுப்பி வைக்கேன்."

உட்கார்ந்தார். மெஷினை நானே ஒரு நொடியில் தூங்க வைக்கலாம். எதையோ அமுக்கி ஏமாற்றினாள் என்று நினைக்கக் கூடாது, அது தானாகத் தூங்கட்டும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன். காத்திருந்தோம். பேச்சுக்கே பிறந்த அந்த மனிதர் மழையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார், பாதியில் விட்டார். ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவிப் போனது. என் கை தானாக மவுஸ் பக்கம் போகும், இழுத்துக்கொள்வேன். கால் பெருவிரல் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. தூங்கித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். மரங்கொத்தி எங்கள் இரண்டு பேரையும் முறைத்துக்கொண்டிருந்தது.

திரை இருண்டது.

அண்ணாச்சி தானே அமுக்கிப் பார்ப்பதாகச் சைகை காட்டினார். நாற்காலியை முன்னால் இழுத்து, ஒரு விரலால் பட்டனைத் தொட்டார். உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. பறவை அலகும் வாலுமாக முழுசாக வந்து நின்றது. மவுஸைப் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்தார். அவர் இழுத்த பக்கமெல்லாம் அது போனது. பெரிதாக்கினார், சிறிதாக்கினார்.

"கொண்டையில செவப்பு பத்தலைம்மா. இன்னும் கொஞ்சம் ஏத்து."

எந்தப் படத்தைக் காட்டினாலும் அவர் சொல்வது இதுதான். எத்தனை தடவை பல்லைக் கடித்திருப்பேன். இன்றைக்குச் சரி அண்ணாச்சி என்றேன். கொண்டையில் சிவப்பை ஏற்றினேன்.

அவர் நாரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் சிவகாசிக்குப் போன் பண்ணினார். திரும்பி வந்து உட்கார்ந்தவர், நேற்று சாப்பிட்ட மொச்சை வயிற்றில் என்ன பாடு படுத்தியது என்று ஆரம்பித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். கொஞ்ச நேரத்தில் திரை மறுபடியும் இருண்டது. இருளட்டும் என்று விட்டுவிட்டேன்.