பொக்கற்றுக்குள் ஒரு சிலுவை

என் மனுசன் அருமைராசாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒரு தையல் வேலை தொடங்கினால், முதல் உடுப்பின் பொக்கற் மூலையில், உட்பக்கமாக, நெல்மணி அளவில் ஒரு சிலுவை தைப்பார். முதல் உருப்படி கடவுளுக்காம். மகள் ஷெரோன் கோயிலில் முதல் நன்மை வாங்கப் போட்ட சட்டையில் பொக்கற்றே இல்லை. சிலுவை போடுவதற்காகவே அதற்கு ஒரு பொக்கற் வைத்தார். பைத்தியம்தான், வேறென்ன.

மொன்றியலில் இருபது வருடம் தையல் தொழிற்சாலையில் லைன், அதாவது ஒரு மெஷின் வரிசை முழுவதையும், மேற்பார்த்த மனிதர் அவர். அது பூட்டுப்பட்ட பிறகு டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. ஆனால் வீட்டிலிருந்த தையல் மெஷினை ஒரு பழைய துணியால் மூடிவிட்டார். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

பிறகு ஒரு சீனக் கம்பனி, எத்தியோப்பியாவில் புதிதாகக் கட்டிய கைத்தொழிற்பேட்டையில் உடுப்புத் தொழிற்சாலை தொடங்கியது. தையல் மெஷினையே கண்டிராத பெட்டைப் பிள்ளைகளுக்கு வேலை பழக்க ஆள் தேடினார்கள். ஐம்பத்தாறு வயதில் மனுசன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். ஒரு வருடம் என்று சொன்னது மூன்றாகிவிட்டது. அங்கே அவர் மாஸ்டர். இங்கே மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் நான் எங்கள் வீட்டு வாசலில் தனியாகப் பனி அள்ளினேன். அவரை ஏசிக்கொண்டேதான் அள்ளினேன்.

நான் வேலை செய்வது அதே கம்பனியின் மொன்றியல் ஸ்ரோரில், சரக்கு வந்து இறங்கும் கிடங்கில். வருகிற உடுப்பைச் சோதித்து, பாஸா பெயிலா என்று எழுத வேண்டும். கடந்த செப்டெம்பரில் அவருடைய லைனிலிருந்து எங்களுக்கு முதல் ஓடர் வந்தது. பிள்ளைகளுக்கான குளிர்காலக் கோட்டுகள், இரண்டாயிரத்து நானூறு. பொறுப்பாளர் மிஸிஸ் லின் பெட்டிகளை என் பக்கம் தள்ளினார். எங்கள் இருவருக்குமே பிரெஞ்சு அரைகுறை. அதனாலோ என்னவோ சண்டையில்லாமல் கதைத்துக்கொள்வோம்.

"இது என் கணவரின் வேலை. நான் சோதிப்பது சரியில்லை" என்றேன்.

"புருஷனின் பிழையை மனைவியைவிட யார் நன்றாகக் கண்டுபிடிப்பார்கள்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாஸ் என்றால் அங்கே இரண்டாவது லைன் தொடங்கும், அவர் இன்னும் இரண்டு வருடம் நிற்பார். பெயில் என்றால் இருக்கிற லைனையும் மூடி அவரை அனுப்பிவிடுவார்கள். நான் கும்பிட்டது பெயிலுக்கு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மெழுகுதிரி கொளுத்தியே கும்பிட்டேன்.

முதல் கோட்டின் பொக்கற்றுக்குள் கைவிட்டபோது விரலில் சிலுவை தட்டுப்பட்டது. தனியே சிரித்தேன். இரண்டாவது கோட்டிலும் தட்டுப்பட்டது. மூன்றாவதிலும். நாலு பெட்டியை உடைத்துப் பார்த்தேன், சிலுவை இல்லாத கோட்டு ஒன்றுகூட இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் எடுத்தேன். அங்கே இரவு ஏழு மணி.

"இஞ்சேருங்கோ, எல்லாக் கோட்டிலயும் சிலுவை கிடக்கு."



"முதல் கோட்டை நான்தான் தைச்சுக் காட்டினனான்" என்றார். "அதில போட்டனான். பிள்ளையள் அதையும் வேலை எண்டு நினைச்சிட்டுதுகள் போல."

"ஒருத்தியும் கேக்கேல்லையோ?"

"மாஸ்டர் செய்தா அதுதானே முறை."

"நீங்கள் பாக்காமலோ பெட்டியில போட்டனீங்கள்?"

"வெளித்தையல் நேரா இருந்தது. அந்தச் சந்தோசத்தில உள்ளுக்குக் கை விட்டுப் பாக்கேல்லை." பிறகு குரல் இறங்கியது. "உள்ளதை உள்ளபடி எழுது, றெஜினா. எனக்காகப் பாக்காதை. ஆனா பிள்ளையளிலை பழியைப் போட்டிடாதை. பிழை என்ர."

ஓடரில் கேட்காத தையல். பெயில் என்று எழுத அது ஒன்றே போதும். ஒக்டோபருக்குள் மனுசன் வீட்டில் நிற்பார். ஆனால் இழுத்துச் சோதிக்காமல் எழுதினால் அது வேலையில்லை. பொக்கற்றில் கொக்கியை மாட்டிப் பாரத்தைத் தொங்கவிட்டேன். எந்தக் கோட்டிலும் முதலில் கிழிவது இந்த மூலைதான். பிள்ளைகள் கையை விட்டு இழுத்து இழுத்தே கிழித்துவிடுவார்கள். சிலுவைத் தையல் அந்த மூலையை இறுக்கிப் பிடித்திருந்தது, கிழியவில்லை. பாரத்தைக் கூட்டினேன். வேறொரு பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்தேன். ஒன்றாவது கிழிந்து தொலையட்டும் என்று முப்பது கோட்டுகளை இழுத்தேன். முப்பதும் நின்றன. பனியைக் கண்ணாலும் கண்டிராத பெட்டைகள், யாரோ ஒரு பிள்ளையின் கை குளிர்ந்துவிடாமல் அவ்வளவு கவனமாகத் தைத்திருந்தார்கள். அவருடைய மூன்று வருடம் எங்கே போனது என்று அப்போதுதான் கண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மிஸிஸ் லின் வந்து பொக்கற்றைப் புரட்டிப் பார்த்தார்.

"இது சிலுவையா?"

"சிலுவைதான். அவருடைய பழக்கம், அந்தப் பிள்ளைகளுக்கும் தொற்றிவிட்டது."

"உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்? கிழியுமா, கிழியாதா?"

கொக்கியில் தொங்கிய கோட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், அவசரப்படுத்தவில்லை.

"கிழியாது" என்றேன்.

பொக்கற் மூலையில் மேலதிகத் தையல், உறுதி போதுமானது, பாஸ் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

செப்டெம்பர் கடைசி ஞாயிறு பூசை முடிந்து நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் போன் எடுத்தார். இரண்டாவது லைனுக்கு மெஷின்கள் வந்து இறங்கிவிட்டனவாம். பெட்டைகள் கைதட்டினார்களாம். 

"நீ பெயில் எண்டு போட்டிருந்தா நான் இப்ப பிளேனில வந்துகொண்டிருப்பன். தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகேன் போடேல்லை?"

"தையல் நல்லா இருந்தது" என்றேன்.