கடைசிக் கரம்பு

மேல்சித்தாமூர்ச் சமணர் தரணேந்திர நயினார், கையில் உட்கார்ந்த கொசுவை ஊதித்தான் விடுவார். விளக்கில் பூச்சி விழுந்து சாகுமே என்று பொழுது சாய்ந்தால் சோற்றில் கை வைக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு நிலத்தின் மேல் மட்டும் அடங்காத ஆசை. யாரைப் போய்க் குற்றம் சொல்வது?

அவருடைய கொல்லை நிலத்தை ஒட்டி, பாறையடி வரை உழாத கரம்பு கிடந்தது. காரைமுள்ளும் ஆவாரையும் மண்டிய அந்த இடத்தை வருஷத்துக்குக் கொஞ்சமாக ஜேசிபி விட்டுத் திருத்தி வேர்க்கடலை போட்டார். முதலில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை மூட்டையாகப் போனது, நயினாருக்கு வாயெல்லாம் பல். ஓயாமல் அதே பயிரைப் போட்டதில் பிறகு செடி அழுக ஆரம்பித்தது. அழுகலுக்கு மருந்து ஊற்றினார், களைக்கு மருந்தடித்தார், அதற்கும் மசியாத மண்ணில் உரத்தைக் கொட்டினார். விளைச்சல் குறையக் குறைய இன்னும் கொஞ்சம் கரம்பைத் திருத்துவார். போன வாரம் பம்புசெட்டுக்குப் பின்னால் மிச்சமிருந்த மூலையையும் வழித்துத் தீ வைத்து மருந்தடித்தாயிற்று.

"போட்ட காச இதுல எடுத்துடலாம் மருதேவி" என்று மனைவியிடம் சொன்னார். சொன்னவருக்கே நம்பிக்கை இல்லை. இந்தப் போகமும் போனால் நிலத்தை மனை போடுகிறவனுக்கு விற்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

வேளாண் கல்லூரிப் பெண் பூங்குழலி, முன்பு எடுத்துப்போன மண்ணின் சோதனை முடிவைச் சொல்ல அன்றைக்கு வந்திருந்தாள். ஒரு கடலைச் செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினாள். வழவழவென்று இருந்தது.

"மல்லாட்டை வேருல முடிச்சு முடிச்சா இருக்கணும் ஐயா. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்கும். அதுங்கதான் செடிக்குச் சோறு போடுது. உங்க மண்ணுல கோடிக்கணக்குல இருந்திருக்கணும். மருந்தும் உரமும் கொட்டிக் கொட்டி அநேகமா எல்லாமே செத்துப்போச்சு."

நயினார் வேரைக் கையில் வாங்கிப் பார்த்தார். "உயிருன்னா, நெஜமாவே உயிரா?"

"ஆமாங்கய்யா. ஆனா டென்ஷன் ஆவாதீங்க. உழாத, மருந்து படாத மண்ணுல அதுங்க இருக்கும். அதக் கொஞ்சம் எடுத்து எருவோட கலந்து வருஷா வருஷம் போட்டா மெல்லத் திரும்பிடும். பம்புசெட்டுக்குப் பின்னாடி கரம்பு இருந்துச்சே, அதுவே போதும்."

நயினார் பம்புசெட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மருதேவிதான் சொன்னாள்: "போன வாரம்தாம்மா கொளுத்துனாரு."

பூங்குழலி வேறெங்காவது மண் கிடைக்குமா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். இந்தப் பக்கம் உழாத இடம் எங்கே இருக்கிறது?

வருஷத்துக்கு ஒரு நாள் எல்லா உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்பது சமணர்களின் வழக்கம். அந்த நாள் வர இன்னும் மாசங்கள் கிடந்தன. அதுவரை அவருக்குத் தாங்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து, கொல்லையைப் பார்த்துக் கைகூப்பி, "எல்லா உயிரும் என்னை மன்னிக்கட்டும்" என்றார்.

"யார்கிட்டங்க கேக்கறீங்க?" என்றாள் மருதேவி. "மன்னிக்கறதுக்கு இங்க ஏதாவது உசுரோட இருக்குதா?"

கேட்டுவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.