ஒருத்தி மட்டும் பெயில்

ஆராய்ச்சி நேர்மைப் பயிற்சியின் கடைசித் தேர்வில், ஒருத்தியைத் தவிர அத்தனை பேரும் முழு மதிப்பெண் வாங்கியதைப் பார்த்ததும் பயிற்சியாளருக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் பாதிப் பேர் போனைத் தடவிக்கொண்டிருந்தவர்கள்தான். இருந்தாலும் காதில் விழுந்திருக்கிறது பாருங்கள் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள். தவறியவள், எதையும் நிறுத்தி நிதானமாகச் செய்வதால் துறையில் 'ஆமை' என்று பெயரெடுத்த ஆய்வாளர். எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை சொன்னால்தான் சான்றிதழ். அது இல்லாமல் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியிடம்கூட அவள் பேச முடியாது. ஆய்வு அப்படியே நின்றுபோகும்.

எங்கே கோட்டை விட்டாள் என்று பயிற்சியாளர் அவள் விடைத்தாளைத் திறந்து பார்த்தாள். ஆய்வில் ஒரு துரும்பையும் அசைக்காத துறைத்தலைவரின் பெயரைக் கட்டுரையில் சேர்க்கலாமா என்பது கேள்வி. ஆமை 'கூடாது' என்றிருந்தாள். அதுதான் சரி. விடைகளைக் கணினியில் ஏற்றும்போது பயிற்சியாளர்தான் அவசரத்தில் 'சேர்க்கலாம்' என்பதை அழுத்தித் தொலைத்திருக்கிறாள். அப்படியானால் மற்றவர்கள் எல்லோரும் அதே தப்பை எப்படிப் போட்டார்கள்?

அந்த எல்லோரிலும் வேதியியல் துறையில் இருக்கும் அவள் கணவனும் உண்டு. வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவனிடம் கேட்டாள்.

"யாரோ விடையையெல்லாம் உருவி குரூப்ல போட்டாங்க. எல்லாரும் பாத்துப் போட்டோம். இதுக்குப் போய்..."

"நேர்மைக்கு வச்ச பரீட்சையிலயே காப்பியாங்க?"

"விடையைத் தப்பா வச்சது யாரு? வெளிய தெரிஞ்சா முதல்ல உன் தலைதான் உருளும். அந்தப் பொண்ணுக்கு மட்டும் திருத்திக் குடுத்துட்டுக் கம்முனு இரு."

அவன் சொன்னது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் வெட்கமாக இருந்தது.

மறுநாள் அப்படியே செய்துவிடலாம் என்று அலுவலகத்துக்கு வந்தால், அறை வாசலில் ஆமை நிற்கிறாள்.

"மேடம், இன்னொரு தடவை எழுத விடுவீங்களா? என்ன விடைன்னு மத்தவங்ககிட்ட கேட்டுக்கிட்டேன். 'சேர்க்கலாம்'னே போட்டுடறேன்."

"அது சரின்னு தோணுதா உங்களுக்கு?"

"தோணலை. ஆனா நீங்க வச்ச விடையாச்சே மேடம்? எங்க தலைவர் ரொம்ப நாளா அவர் பேரையும் சேக்கச் சொல்லிட்டிருக்காரு. நான்தான் முடியாதுன்னு பிடிவாதமா இருந்தேன். இனிமே சேத்துடறேன்."

பயிற்சியாளர் "உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்டிவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே எல்லோருக்கும் மின்னஞ்சல் அடித்தாள். விடையைத் தவறாக வைத்தது நான். அதை அப்படியே பார்த்தெழுதியவர்கள் நீங்கள். சான்றிதழ்கள் ரத்து. ஒருவரைத் தவிர எல்லோரும் மறுபடி எழுத வேண்டும்.

முதல் போன் கணவனிடமிருந்துதான் வந்தது. அவள் எடுக்கவில்லை. ஆமையின் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.