எர்த் வயரைப் பிடித்திருந்தவள்

நான்கு வருடங்கள், மாலை ஆறிலிருந்து எட்டு வரை, அந்த வீட்டு ரெக்கார்ட் பிளேயரின் எர்த் வயர் தங்கையின் உடம்பு வழியாகத்தான் தரைக்குப் போனது. அவள் அதைப் பிடித்திருந்தால் பாட்டு கணீரென்று கேட்கும். விட்டால் ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கிளம்பி, தெருக்கோடி வரை ஜன்னல் கண்ணாடிகள் ஆடும், அடுப்பில் பால் திரியும். அண்ணன் பிடித்துப் பார்த்தார், அண்ணி பிடித்துப் பார்த்தாள், தண்ணீர்க் குழாயில் கட்டியும் பார்த்தார்கள். இரைச்சல் கூடியதே தவிர அடங்கவில்லை.

இத்தனைக்கும் பெட்டி வந்த முதல் நாளே அவள் சொல்லியிருந்தாள். இசைத்தட்டின் ஊசி எடுத்துத் தரும் சன்னமான ஒலியைப் பெருக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் உள்ளங்கை அகலப் பெட்டி அது.

“அண்ணா, பின்னாடி ஒரு திருகு இருக்கு பாருங்க. எர்த் வயரை அதுல மாட்டணும். புத்தகத்துல படமே போட்டிருக்கு.”

“வயரிங் கிளாஸ்ல சேர்ந்து நாலு நாள் ஆகல, எனக்கே பாடம் எடுக்கிறியா? அது சும்மா அழகுக்கு வச்சது. கை வைக்காதே.”

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே அவர் மாட்டியிருப்பார். அவள் சொல்லிவிட்டாள் என்பதற்காகவே அந்தத் திருகை நான்கு வருடம் யாரும் தொடவில்லை.

அவளுடைய வயரிங் வகுப்பும் மாலை ஆறு மணிக்குத்தான். பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்றுவிட்டு வந்து, தோழி தரும் நோட்டை ஒற்றைக் கையால் புரட்டிப் படித்தாள். படத்தைத் தான்தான் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வரும். அப்படிச் சந்தேகப்பட வைத்ததுதான் இருப்பதிலேயே பெரிய அக்கிரமம். அவள் உட்காரும் இடத்தில் தரை சூடேறியது. கீழ்வீட்டுத் தையல்காரர் அதற்கு நேர் கீழே கொடி கட்டி, மழைக்காலத்தில் துணி உலர்த்திக்கொண்டார். நன்றியை அண்ணனுக்குச் சொன்னார். பாட்டுக் கேட்க வந்தவர்கள் அவள் காலைத் தாண்டிப் போய் சோபாவில் உட்கார்ந்தார்கள்.

“துளி இரைச்சல் இல்லையே! ஆமா, இந்தப் பொண்ணு யாரு?”

“அதுவா? எர்த்து.”

சிரித்தார்கள். ஒருவராவது ‘எழுந்திரும்மா’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இறுதித் தேர்வு ஒரு வியாழக்கிழமை ஆறரைக்கு வைத்தார்கள். அதைத் தவறவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

“இன்னிக்கு எங்க மானேஜர் வர்றார். பரீட்சை அடுத்த வருஷமும் வரும்,” என்றார் அண்ணன்.

மானேஜர் வந்தார், இசைத்தட்டு சுழன்றது. ஆறு பத்துக்குத் தங்கை எழுந்தாள். பெட்டியைத் திருப்பி, திருகைத் தளர்த்தி, வயர் முனையை அதில் மாட்டி, நகத்தாலேயே இறுக்கினாள். பதினோரு விநாடி வேலை. கையை எடுத்தாள். பாட்டு கணீரென்று தொடர்ந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

பதறிப்போன அண்ணன் வெறுங்காலோடு ஓடி வந்து அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றார். நான்கு வருடமாக அவள் வழியாக இறங்கியதெல்லாம் அவர் உள்ளங்கால் வழியாக மேலே ஏறியது. ‘எங்கே போறே’ என்று அதட்ட வாயைத் திறந்தார். ‘ம்ம்ம்’ என்றுதான் வந்தது. கூடவே பாடுகிறார் என்று நினைத்து மானேஜர் தாளம் போட்டார்.

தேர்வில் அவள் நூற்றுக்கு எழுபத்தெட்டு வாங்கினாள். மதிப்பெண் தாளைப் பார்த்த அண்ணன், மீதி இருபத்திரண்டு எங்கே என்றோ என்னவோ ‘ம்ம்ம்’ என்று நீளமாகக் கேட்டார். ஜன்னல்கள் லேசாக ஆடின. அண்ணி சரி சரியென்று தலையாட்டி, சாப்பாட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, பாலை எட்ட எடுத்து வைத்தாள்.