ஹாலில் ஒன்பதாவது சுற்று

போட்டி முடிந்த பதினோராவது நாள், மாலை ஐந்தே கால் மணிக்கு, எடையளவு ஆய்வாளரின் வீட்டு ஹாலில் ஒன்பதாவது சுற்று மறுபடியும் நடந்தது. அப்போது அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ மணி அடித்தது. ஜன்னல் பக்கத்திலிருந்து நெட்டையனும் அலமாரிப் பக்கத்திலிருந்து கட்டையனும் வந்து, சரியாக மூன்று நிமிடம் அடித்துக்கொண்டு, திரும்ப மணி அடித்ததும் வந்த வழியே நடந்து, சுவரை எட்டும் முன்பே இல்லாமல் போனார்கள். சோபாவையும் டீப்பாயையும் அவர்கள் தொடவேயில்லை. ஆனால் குத்துகள் கிளப்பிய காற்றில் காலண்டர் தாள்கள் படபடத்தன. தரையில் பதினேழு இடங்களில் வியர்வை சொட்டியிருந்தது. தபால் அலுவலகத்திலிருந்து வந்த கணவர், கையில் காய்கறிப் பையோடு, ரயில்வே கேட்டில் காத்திருப்பவர் போல வாசலிலேயே நின்றிருந்தார். "முடிஞ்சுதா? உள்ள வரலாமா?" என்று கேட்டார். அவள் தரை துடைக்கும் துணியை எடுக்கப் போனாள்.

அந்தப் போட்டி என்ன போட்டி என்பதைச் சொல்லிவிட வேண்டும். துறைமுகத்தின் குத்துச்சண்டை அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. இடம் கிடைத்தவனுக்குத் துறைமுகத்திலேயே நிரந்தர வேலை. கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். நெட்டையன் தள்ளி நின்று இடது கையை நீட்டி நீட்டி முகத்தில் வைப்பான். திருப்பிக் கொடுக்கப் போனால் ஆள் அங்கே இருக்க மாட்டான். கட்டையன் குனிந்தபடியே உள்ளே புகுந்து விலாவில் இடிப்பான்; மூன்று வாங்கிக்கொண்டு ஒன்று கொடுப்பான், அந்த ஒன்றுக்கு அரங்கத்தின் கடைசி வரிசை வரை சத்தம் கேட்கும். பத்துச் சுற்றும் நின்று ஆடினார்கள். பார்த்தவர்கள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்து, வெவ்வேறு பஸ்ஸில் ஏறினார்கள். மதிப்பெண் போட மூன்று நடுவர்கள். ஒருவர் நெட்டையன் என்றார், ஒருவர் கட்டையன் என்றார். மூன்றாவது அட்டை ஆய்வாளருடையது.

சந்தையில் அவள் தலை தெரிந்தாலே கடைக்காரர்களுக்கு நாக்கு வறண்டுவிடும். ஒரு கிலோ எடைக்கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தே பத்து கிராம் குறைகிறது என்று சொல்லக்கூடியவள். இப்படிப்பட்ட ஆளிடம் சுற்றுகளை நிறுக்கக் கொடுத்தால் தகராறே வராது என்று நம்பித்தான் குத்துச்சண்டைச் சங்கம் அவளுக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுத்து நடுவராக உட்கார வைத்தது. சுற்றை வென்றவனுக்குப் பத்து, தோற்றவனுக்கு ஒன்பது, பிரிக்கவே முடியாது என்றால் இரண்டு பேருக்கும் பத்து. அவளுடைய அட்டையில் நான்கு சுற்று நெட்டையனுக்கு, நான்கு கட்டையனுக்கு, ஐந்தாவது சமம். மிச்சமிருந்த ஒன்பதாவதில் கட்டையனுக்குப் பத்து போட்டிருந்தாள். அந்த ஒற்றைப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு கட்டையன் துறைமுகத்தில் கிரேன் ஏறினான். நெட்டையன் ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டப் போனான்.

ஹாலில் மறுநாளும் ஐந்தே காலுக்கு மணி அடித்தது. அதற்கு மறுநாளும். ஞாயிறு, விடுமுறை எதுவும் கிடையாது. ஹால் பன்னிரண்டடிக்குப் பத்தடி. குத்துச்சண்டை மேடை இருபதடிச் சதுரம். இது எப்படி அதற்குள் அடங்குகிறது என்று அவள் அளவுநாடா போட்டு நான்கு முறை பார்த்தாள். நான்கு முறையும் அடங்கியது. கணவர் சோபாவைச் சுவரோடு தள்ளிப் போட்டார். மின்விசிறியை அந்த மூன்று நிமிடம் நிறுத்தி வைப்பது நல்லது என்று முடிவாயிற்று. நெட்டையனின் தலை றெக்கையில் படாது என்று தெரிந்தாலும், பார்க்கிறவர்கள் தங்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களோடு இருந்த நாத்தனார், தொலைபேசி நிலையத்தில் இருபது வருடம் காதை விற்றுச் சாப்பிட்டவள். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டு, சுற்று நெட்டையனுக்குத்தான் என்று முதல் வாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அண்ணி, தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தக் குள்ளன் அடிக்கிறதுல பாதி முழங்கையில விழுது. சத்தம் மொத்தையா வருது."

"உங்க அண்ணி அங்கேயே உட்கார்ந்து பார்த்துப் போட்ட மார்க்கு. நீ ஹால்ல உட்கார்ந்து திருத்துறியா?" என்றார் கணவர். அவர் கட்டையன் கட்சி. மனைவி கட்டையனுக்குப் போட்டிருக்கும்போது வேறு கட்சியில் சேர அவருக்குத் தைரியம் இல்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

தெரு என்று ஒன்று இருந்தால் விஷயம் பரவாமலா இருக்கும்? ஒரு மாதத்தில் வாசலில் நாற்பது ஜோடி செருப்பு கிடந்தது. பல் டாக்டர் கிளினிக்கை ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டு வந்தார். தாடையில் விழுந்தால்தான் குத்து, மற்றதெல்லாம் தடவல் என்பது அவர் கொள்கை. கறிக்கடைக்காரர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "விலா எலும்பைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க டாக்டர்" என்று ஒருமுறை அமைதியாகச் சொன்னார். அதன் பிறகு இருவரும் எதிரெதிர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். முன்னால் வருகிறவனுக்குத்தான் சுற்று என்றார் தையல்காரர். முன்னால் வந்து அடி வாங்குவதற்கு மார்க் போட்டால், என் மாப்பிள்ளைக்கு இந்நேரம் கோப்பையே கொடுத்திருக்கலாம் என்றாள் பாட்டு டீச்சர். கணவர் இதற்குள் ஒன்றைக் கவனித்துவிட்டார்: ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கும்போது நெட்டையன் என்றார்கள், அலமாரியோரம் உட்கார்ந்தவர்கள் கட்டையன் என்றார்கள். இதைச் சொன்னால் நாற்காலிக்குச் சண்டை வரும் என்பதால் அவர் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்றையும் அவர் கவனித்திருந்தார், அதையும் வெளியே சொல்லவில்லை. ஐந்தே கால் ஆனதும் அவர் மனைவி சமையலறைக்குப் போய்விடுவாள். குழாயைத் திறந்துவிட்டு, சுத்தமாக இருக்கும் பாத்திரங்களைத் திரும்பவும் கழுவுவாள். முதல் நாள் துணி மடிக்கும்போது பார்த்ததோடு சரி. அதன் பிறகு பதினோரு வருடம், தன் வீட்டு ஹாலில் தினமும் நடந்த சுற்றை அவள் ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது மணி அடித்ததும் துணியோடு வந்து வியர்வையைத் துடைப்பாள். போட்டிகளுக்கு நடுவராகக் கூப்பிட்டால் முதுகுவலி என்று சொல்லிவிடுவாள். சந்தையில் மட்டும் முன்னைவிடக் கடுமையாகிவிட்டாள். அரை கிராமுக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்தாள்.

பன்னிரண்டாவது வருடம் அசல் நெட்டையரே நேரில் வந்தார். முன் தலையில் முடி போயிருந்தது, முதுகு வேன் ஸ்டியரிங்கின் வளைவுக்குப் பழகியிருந்தது. வாசலில் வேனை நிறுத்திவிட்டு, ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு உள்ளே வந்து, "பார்க்கலாம்னு சொன்னாங்க" என்றார். எழுந்து இடம் விட்டார்கள். மணி அடித்தது, இருபத்து நான்கு வயது நெட்டையன் ஜன்னல் பக்கத்திலிருந்து வந்தான். மூன்று நிமிடமும் நெட்டையர் இமைக்கவில்லை. முடிந்ததும், "நான் இவ்வளவு ஒல்லியாவா இருந்தேன்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாளும் வந்தார். அந்த வாரக் கடைசியில், கிரேன் ஷிஃப்ட் இல்லாத நாளில், கட்டையரும் வந்து சேர்ந்தார். குத்துகளை வாங்கிய வயிறு இப்போது இரண்டு சட்டைப் பொத்தான்களுக்கிடையே எட்டிப் பார்த்தது. இருவரும் பன்னிரண்டு வருடமாக ஒரே ஊரில் இருந்தும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சுற்று முடிந்தது.

நெட்டையர் தொண்டையைச் செருமினார். "இத்தனை வருஷமா நான்தான் ஜெயிச்சேன்னு நினைச்சுட்டு இருந்தேன். இல்லை. சுற்று உன்னோடதுதான்."

"என்னோடதா? உனக்குக் கண்ணு போச்சா?" என்றார் கட்டையர். "கடைசி முப்பது விநாடி எனக்கு ஒண்ணுமே தெரியலை. காலு ரெண்டும் வேற யாரோடவோ மாதிரி இருந்துச்சு. உன்னோடதுதான்."

"நான் சொல்றேன், உன்னோடது."

"வாயை மூடு. உன்னோடது."

குரல் ஏறியது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். பல் டாக்டரும் கறிக்கடைக்காரரும் முதன்முறையாகச் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள்: நடுவில் புகுந்து விலக்கினார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே கட்டையர் சமையலறைப் பக்கம் திரும்பி, "மேடம், நீங்களே வந்து சொல்லுங்க. நீங்கதான போட்டீங்க?" என்றார்.

குழாய் நின்றது. அவள் ஈரக் கையோடு வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பிரிக்க முடியலை" என்றாள். "அன்னைக்கே முடியலை. சமம்னுதான் தோணுச்சு. ஆனா அஞ்சாவது சுற்றுக்கு ஏற்கெனவே சமம் போட்டிருந்தேன். ஒரே அட்டையில ரெண்டு சமம் போட்டா, இந்தம்மாவுக்கு எடை போடத் தெரியலைன்னு சொல்லுவாங்களேன்னு வெட்கமா இருந்துச்சு. பேனா எந்தப் பக்கம் இருந்துச்சோ அந்தப் பக்கம் போட்டேன்."

நெட்டையர் அவள் பக்கம் திரும்பினார். "வெட்கத்துக்கா?" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனார். வேன் கிளம்பும் சத்தத்தைக் கேட்ட நாத்தனார், முதல் கியரிலேயே தெருமுனை வரை போகிறார் என்றாள். கட்டையர் சோபாவில் உட்கார்ந்து, தன் கைகளை யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமான் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவே அவள் சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். தன் அட்டையில் ஒன்பதாவது சுற்றைச் சமம் என்று திருத்த வேண்டும், போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்ததாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. முடிவு அறிவித்து முப்பது நாளுக்குப் பிறகு அட்டையைத் திருத்த விதியில் இடமில்லை. மேலும், குடியிருப்பு வீட்டில் தினசரி குத்துச்சண்டை நடத்த அனுமதி பெறப்பட்டிருக்கிறதா என்பதைத் தெரிவிக்கவும். அவள் அதை மடித்து மேஜைக்குள் வைத்துவிட்டு, பென்சிலைச் சீவிக்கொண்டு, அன்று மாலை ஐந்தே காலுக்கு ஹாலில் வந்து உட்கார்ந்தாள். கணவர் ஓசையில்லாமல் சமையலறைக்குப் போய்க் குழாயை இறுக மூடினார்.

முப்பது நாள் பார்த்தாள். ஒருநாள் ஜன்னலோரம், ஒருநாள் அலமாரியோரம், ஒருநாள் ஸ்டூல் மேல் நின்று, ஒருநாள் தரையில் படுத்து. ஒவ்வொரு நாளும் ஒரு துண்டுத்தாளில் மார்க் போட்டு, தேதி எழுதிக் கையெழுத்திட்டாள். நடந்தது என்னவோ அதே மூன்று நிமிடம்தான். ஆனால் அதற்குள் எவ்வளவு இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நெட்டையனின் ஒரு குத்துக்கு முன்னால் அவன் தோள் லேசாகத் தயங்குவதைப் பதினாறாவது நாள்தான் பார்த்தாள். கட்டையன் ஒருமுறை வலியில் கண்ணை மூடி, மூடிய கண்ணோடே முன்னால் வந்ததை இருபத்து மூன்றாவது நாள் பார்த்தாள். அன்று தேதியை முதலில் எழுதிவிட்டு, மார்க்கைக் கடைசியில் போட்டாள். முப்பத்தோராவது நாள் முப்பது தாள்களையும் கைப்பையில் போட்டுக்கொண்டு ரொட்டிக் கம்பெனிக்குப் போனாள். நெட்டையர் காலித் தட்டுகளை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் பதிமூணு நாள், அவருக்குப் பதிமூணு நாள், நாலு நாள் சமம்" என்றாள். "வேலையைத் திருப்பித் தர என்னால முடியாது. அட்டையையும் மாத்த மாட்டேங்கறாங்க. ஆனா இந்தத் தடவை ஒழுங்காப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

நெட்டையர் தாள்களை வாங்கினார். மாவு படிந்த விரலால் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவர் கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் பத்தொன்பதாவது தாளில் நின்றார்.

"இதுல ஓரத்துல என்னமோ எழுதியிருக்கீங்களே."

"அன்னைக்கு உங்க இடது கை ரொம்ப அழகா இருந்துச்சு. விதிப்படி அதுக்கு மார்க் கிடையாது. அதான் ஓரத்துல எழுதினேன்."

அவர் அந்த ஒரு தாளை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தார். அவள் கிளம்பும்போது, ஹாலில் இப்போதும் மின்விசிறியை நிறுத்துகிறார்களா என்று விசாரித்தார்.

அடுத்த வாரம் இருவருமே வந்தார்கள். அன்று என்ன தோன்றியதோ, இரண்டாவது மணி அடித்ததும் நெட்டையர் சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றை இழுத்து ஜன்னல் மூலையில் போட்டார். சுவரை நோக்கி நடந்த இளைஞன் நாற்காலியைப் பார்த்தான். இல்லாமல் போவதை விட்டுவிட்டு உட்கார்ந்தான். மூச்சு இரைத்தது. கட்டையர் அவசரமாக எழுந்து அலமாரிப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட, அங்கேயும் ஒருவன் உட்கார்ந்தான். ஆய்வாளர் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தார்கள். நெட்டையர் குனிந்து, தன்னுடைய பழைய காதில், "இடது கையைக் கீழ விடாத. அவன் அதுக்குத்தான் காத்திருக்கான்" என்று சொன்னார். அவன் பெரியவர்கள் சொல்லும் எல்லாவற்றுக்கும் ஆட்டுவது போலத் தலையாட்டினான். ஒரு நிமிடம் ஆனதும் நாற்காலியும் ஸ்டூலும் காலியாக இருந்தன.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சுற்றுக்கு நான்கு நிமிடம். நாத்தனாருக்குக் கோயிலுக்குப் போக ஐந்து பதினெட்டுக்கு இருந்த பஸ் தவறிப்போவதால் அடுத்ததைப் பிடிக்கிறாள். டாக்டரும் கறிக்கடைக்காரரும் இப்போது பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள், ஆனால் அவரவர் பழைய கொள்கையிலேயே இருக்கிறார்கள். மறுநாளும் நெட்டையன் இடது கையைக் கீழேதான் விட்டான், வாங்கினான். நெட்டையர் நெற்றியில் அடித்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.