பத்து காஜா மழை

எங்கள் ஊருக்கு வானிலை சொல்பவர் பக்கத்து வீட்டுச் சவரிநாதன் அண்ணன். யாரும் அவரை நியமிக்கவில்லை. முப்பது வருஷம் லோரி ஓட்டியவர். தன் லோரிக் கண்ணாடியில் விழாத மழையே பேரா மாநிலத்தில் கிடையாது என்பார். ஓய்வுபெற்ற மறுநாளே ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் குளியலறை ஜன்னலுக்கு வெளியே மாட்டினார். அவர் மனைவி எல்ஸி அதன்மேல் துண்டு காயப்போடுவாள். ஆகவே எங்கள் ஊர் வெப்பநிலை அன்றன்றைய துண்டின் ஈரத்தைப் பொறுத்தது.

சுங்கை சிப்புட்டிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் உள்ளே, மூன்று பக்கமும் மலை, நடுவில் நாங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டம். ஜனவரிக் காலையில் வாயைத் திறந்தால் புகை வரும் என்று சவரிநாதன் அண்ணன் சொல்கிறார். என் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை, அவ்வளவு பேசியும்.

நவம்பரில் அவர் வாட்ஸ்அப் குழுவில் ‘குளிர்கால அறிக்கை’ வெளியிட்டார். ஏழு நிமிடக் குரல் பதிவு. டிசம்பரில் சாயங்காலந்தோறும் மழை. ஜனவரியில் பத்தொன்பது டிகிரிக்கு இறங்கும்; பொதுமக்கள் காதை மூடிக்கொண்டு நடமாடவும். பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை மட்டும் மழை கிடையாது. காதை மூடச் சொன்னதற்கு நாங்கள் இரண்டு வாரம் சிரித்தோம். ‘சுவிட்சர்லாந்து சவரி’ என்று பெயர் வைத்தது யாரென்று இப்போது எதற்கு?

அந்தச் சனிக்கிழமையை நம்பியது ஒரே ஆள், அவர் மகள் வலேரி. லயனலோடு மோதிரம் மாற்றும் விருந்தை அன்று சாயங்காலம் பழைய தோட்டத்துத் திடலில், எங்கள் பேச்சில் பாடாங்கில், வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். லயனல் சுங்கை சிப்புட்டில் மோட்டார் சைக்கிள் கடை வைத்திருக்கும் பையன். அவள் வண்டி பஞ்சரானபோது அவன் வந்து நின்றது அந்தத் திடலில்தான். பஞ்சர் ஒட்ட இருபது நிமிடம் போதும். இரண்டு மணி நேரம் ஒட்டினான். என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்தது என் குற்றமா?

எல்ஸிக்கு டவுனில் சர்ச் மண்டபம்தான் வேண்டும். “ஒரு சொட்டு மழை விழட்டும். தெர்மாமீட்டர் வாசல் லோங்காங் சாக்கடைக்குப் போகும். உங்க குரூப்பும் அன்னியோட குளோஸ்,” என்று கணவரிடம் அவள் சொன்னபோது, நான் வேலியோரமாக மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் செடி அழுகிப்போய் மாதமாகிறது.

சனிக்கிழமையும் வந்தது. சவரிநாதன் அண்ணன் தையற்கடையில் கொடுத்த கோட்டை வாங்க மோட்டாரில் ஈப்போ போனார். பத்து மணிக்குக் குழுவில் அவருடைய குரல். அரசாங்க அறிவிப்பு என்றால் அவர் மலாயில்தான் வாசிப்பார், அது ஒரு மரியாதை.

“இன்னிக்கு பெத்தாங்... ஹூஜான்... பத்து காஜா...”

பிறகு காற்று. ஒரு லோரி ஹார்ன். அவ்வளவுதான்.

நான் எல்ஸி வீட்டு அடுப்படிக்கு ஓடினேன். எதிர்வீட்டுப் புஷ்பலதா எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தாள். வயிற்றெரிச்சல்.

“பெத்தாங் சாயங்காலம், ஹூஜான் மழை. ஹூஜான் பத்துன்னா கல்மழை,” என்றேன். “போன வாரம் வீடியோ வந்துச்சே, கோலிக்குண்டு மாதிரி ஐஸ் கொட்டுச்சே. இது காஜாவாம். காஜான்னா ஆனை. ஆனை சைஸ் கல்லு!”

“இல்லக்கா,” என்றாள் புஷ்பலதா. “மழையும் வருது, கூடவே பத்து ஆனையும் வருது. போன மாசம் செம்பனைக்குள்ள மூணு வந்துச்சுல்ல? இப்ப பத்து.”

“மலாய்க்கு நடுவுல தமிழ்ல பத்துன்னு எண்ணுவாராடி?”

“அண்ணன் எப்படியும் பேசுவாரு.”

எல்ஸி அவருக்கு ஏழு தடவை போன் அடித்தாள். செத்த போன். மூன்று வானிலை ஆப் ஓடுகிற போனில் பேட்டரி எப்படி நிற்கும்? மண்டபம் வேண்டுமானால் பன்னிரண்டு மணிக்குள் சொல்லச் சொல்லியிருந்தார் ஃபாதர். எல்ஸி அவருடைய எண்ணை அழுத்தினாள்.

அப்போது வலேரி வந்தாள். தலையில் பாதி சுருள், பாதி நேர்முடி.

“போன வைம்மா.”

“ஆனை தண்டி கல்லு விழுமாம்டி! இந்தா, பாப்பாக்கா சொல்றாங்க!”

“விழட்டும். எல்லாரும் ஹெல்மெட் போட்டுட்டு வரட்டும். பாடாங்லதான்.” சுருண்ட பக்கத்து முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள். “ரெண்டு மாசமா ஊரே அப்பாவ வச்சு சிரிக்குது. ஒருநாளாச்சும் அவரு சொன்ன நாளு நல்லா இருக்கட்டும்மா.”

நான் ஜன்னல் வழியாக இல்லாத ஏதோ ஒன்றைப் பார்த்தேன். எல்ஸி போனை வைத்தாள். மகள்மேல் பாசம் என்று நினைக்க வேண்டாம். “சரி, அந்த மனுஷன் முழிக்கிறத நானும் பாக்கணும்,” என்றாள். வலேரி அங்கேயே நின்று குழுவில் தட்டினாள்: ‘இன்றைய உடை: பட்டு, ஹெல்மெட்.’

ஐந்தரை மணிக்குத் திடலைப் பார்த்திருக்க வேண்டுமே! பட்டுப்புடவைக்கு மேலே கறுப்பு ஹெல்மெட். புஷ்பலதா மல்லிகைப்பூவோடு ஹெல்மெட்டை அழுத்தியதில் பூ நசுங்கி நெற்றி வழியாக வந்தது. கடைசி வீட்டு ராமையா கட்டட வேலைத் தொப்பியோடு வந்து, யானைக்கு இது தாங்குமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். லயனலின் கடை ஆட்கள் முகம் முழுக்க மூடிய ரேஸ் ஹெல்மெட்டில் வரிசையாக இறங்கினார்கள். அதில் மாப்பிள்ளை எதுவென்று தெரியாமல் எல்ஸி ஒரு மெக்கானிக்கைக் கட்டிப்பிடித்து, “இனிமே நீங்க எங்க பிள்ளை,” என்று கண் கலங்கினாள். அவனும் மறுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சவரிநாதன் அண்ணன், தையற்கடையில் நாள் முழுக்கக் காத்துக் கிடந்து வாங்கிய புதுக் கோட்டோடு மோட்டாரில் வந்தார். திடலைப் பார்த்தார். வண்டியை நிறுத்தக்கூட மறந்துவிட்டார்.

“அடேயப்பா! மாப்பிள்ளைக்கு மோட்டார் கடைன்னு ஊரே சேந்து இப்படி ஒரு மரியாதையா!”

“மரியாதையா?” என்று எல்ஸி ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். “ஆனை சைஸ் கல்மழைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நானா?”

“ஹூஜான், பத்து காஜான்னு.”

அவர் ஹெல்மெட்டோடேயே தலையில் அடித்துக்கொண்டார். “பத்து காஜா ஊரு லா! ஈப்போவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பத்து காஜா! அங்க மழை, நம்ம பக்கம் கிளியர்னு சொன்னேன்!”

‘கிளியர்’ என்ற சொல் காற்றோடு போயிருந்தது. பத்து காஜா ஒரு பட்டணம் என்பது எனக்குத் தெரியாதா? என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்ததே அங்கேதான். ஆனால் பயத்தில் நாத்தனார் ஞாபகம் வருமா?

“யாரு ஆனை சைஸ்னு சொன்னது?” என்றார் அவர்.

நூறு ஹெல்மெட் ஒன்றாக என் பக்கம் திரும்பியது. நான் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

முதலில் சிரித்தது வலேரி. அப்புறம் திடலே சிரித்தது. எல்லாரும் ஹெல்மெட்டைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ இடி உருண்டது. எங்கள் வானத்தில் ஒரு மேகமும் இல்லை. லயனலும் வலேரியும் மோதிரம் மாற்றினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் மலையிலிருந்து குளிர் இறங்கியது. பிரியாணி ஆறிப்போகிற குளிர். இருட்டும்போது பனி திடலுக்குள் வந்து நின்றது. முதலில் ராமையா காதைத் தேய்த்தார். அப்புறம் புஷ்பலதா. ஒருவர்பின் ஒருவராக நாற்காலிக்கு அடியில் குனிந்தார்கள். எட்டு மணிக்கு நூறு பேரும் மறுபடி ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தோம். காதை மூடிக்கொண்டு.

சவரிநாதன் அண்ணன் கோட்டுப் பையில் கைவிட்டபடி மேசை மேசையாக நடந்து எங்கள் காதுகளைப் பார்வையிட்டார்.

‘டொக்.’

விருந்துக்குப் போட்ட கூடாரத்தின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு எல்ஸியின் ஹெல்மெட்மேல் விழுந்தது. அவள் எழுந்தாள். “இது என்ன?”

“பனி,” என்றார் அவர்.

“மழை. ஒரு சொட்டுன்னு சொன்னேன்ல? தெர்மாமீட்டர் லோங்காங்குக்கு.”

“பனி, எல்ஸி!”

“பனிக்கு இவ்ளோ சத்தமா?”

வலேரி லயனலின் கையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அண்ணனும் பார்த்தார். “பாப்பா சொல்லட்டும். ஊருக்கே மொழிபெயர்க்கிறவ அவதானே.”

நான் எழுந்து எல்ஸியின் ஹெல்மெட்டை விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

“பனிதான் எல்ஸி,” என்றேன். “ஆனா ஆனை சைஸு.”

அவள் சட்டென்று கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். உள்ளே என்ன நடந்ததென்று தெரியவில்லை. ஹெல்மெட் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.