ஒற்றைக் கார்ப் படை

தளபதி என்று அவளுக்குப் பட்டம் கொடுத்தது கணவன்தான். கொடுத்த பிறகு, ஏன்டா கொடுத்தோம் என்று அவனே பல தடவை நொந்துகொண்டதும் உண்டு. கேலிக்குச் சொன்னதை அவள் நிஜமாகவே எடுத்துக்கொண்டு விட்டாளே, என்ன செய்வது!

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஒரே ஒரு கார், ஒரே ஒரு ஆள். முதலாளி, வாத்தியார், ஃபோன் எடுப்பவர், கார் கழுவுகிறவர் எல்லாம் அவளேதான். படித்தது என்னவோ எம்.ஏ. தமிழ். பழைய தமிழ்ப் போர்முறையில் சண்டையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூ உண்டு. எதிரியின் மாட்டு மந்தையைக் கவர்ந்து வரப் போகிறவன் வெட்சிப் பூவைச் சூடிக்கொள்வான். அதை மீட்கப் போகிறவனுக்குக் கரந்தை. கோட்டையை வளைப்பவனுக்கு உழிஞை, உள்ளே இருந்து காப்பவனுக்கு நொச்சி. இரண்டு படையும் நேருக்கு நேர் மோதினால் தும்பை. பரீட்சைக்கு நெட்டுரு போட்டதை ஊரில் எல்லோரையும் போல இவளும் மறந்து தொலைத்திருக்கலாம். தொலைக்கவில்லை. அதை வைத்துத் தொழில் நடத்தினாள்.

சூப்பர் மார்க்கெட் வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்தால் அது வெட்சி. பாதியில் நின்றுபோன மாணவியை ஃபோன் போட்டுத் திரும்ப வரவழைத்தால் கரந்தை. சாப்பாட்டு மேஜைக்கு எதிரே சுவரை அடைத்துக்கொண்டு ஊரின் வரைபடம் தொங்கியது. இருந்த நான்கு நாற்காலிகளில் இரண்டில், பார்க்கிங் பழக வைத்திருந்த ஆரஞ்சு நிறக் கூம்புகள் அமர்ந்திருந்தன. கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழும் போய்விட்டு வீட்டுக்கு வந்தால் உட்கார இடம் கிடையாது.

"நொச்சிப்படை எந்திரிச்சா நான் கொஞ்சம் சாப்பிடலாமா?" என்று கூம்புகளைப் பார்த்துக் கேட்பான்.

"எல்லாம் உங்களுக்கு விளையாட்டு" என்பாள் அவள்.

விளையாட்டு இல்லைதான். ஆறு வருஷம் அவள் வேலை பார்த்தது பன்னிரண்டு கார் வைத்திருந்த ஒரு பெரிய பள்ளியில். அந்த முதலாளி கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் யாரையும் முழு வாக்கியம் பேச விடமாட்டார். ஒரு நாள் அவள் பாதி வாக்கியத்தில் எழுந்து வந்துவிட்டாள். "போம்மா, போய்ப் பாரு. கதவு திறந்தே இருக்கும்" என்றார் அவர். அந்தத் திறந்த கதவுதான் அவளைத் தூங்கவிடாத கதவு. திரும்பிப் போவதாக நினைத்தாலே உடம்பெல்லாம் கூசியது.

ஒன்றரை வருஷம் இழுத்துப் பிடித்து ஓட்டிவிட்டாள். இப்போது தும்பை சூட வேண்டிய கட்டம் வந்துவிட்டது. ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ்கள் இனி காரில்தான் போக வேண்டும் என்று முடிவாகியிருந்தது. நாற்பது பேருக்கு லைசன்ஸ் வேண்டும். மேட்ரன் கறாரான பெண்மணி. மூன்று பேரைப் பெரிய பள்ளிக்கும் மூன்று பேரை இவளிடமும் அனுப்பினார்.

"ஆறு பேருக்கும் ஒரே நாள்ல டெஸ்ட். யார் கிட்ட அதிகம் பேர் பாஸோ, மிச்சப் பேர் எல்லாம் அங்கதான். சமமா வந்தா பன்னிரண்டு கார் இருக்கிற இடத்துக்கு அனுப்பிடுவேன். தப்பா நினைக்காதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

கிடைத்தால் ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை. கிடைக்காவிட்டால் திறந்த கதவு.

வந்த மூவருக்கும் முதல் நாளே பெயர் வைத்துவிட்டாள். உயரமானவள் நெட்டை. கியர் போடும் முன்னே ஆக்ஸிலேட்டரை மிதிப்பவள் அவசரம். மூன்றாமவள் சைலன்ஸர். எதற்கும் சத்தம் வராது. ஏற்கெனவே இரண்டு தடவை டெஸ்ட்டில் தோற்றவள். அதைக்கூட வாய் திறந்து சொல்லவில்லை, பழைய தாளை நீட்டினாள்.

எதிரியிடம் கார் அதிகம், ஆள் அதிகம். அப்படியானால் நமக்கு எது பலம்? நிலம்! சண்டை நடக்கப் போகும் நிலத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவன் இருக்கக் கூடாது. லைசன்ஸ் ஆபீஸிலிருந்து கிளம்பி, பாலம் தாண்டி, பள்ளிக்கூடம் சுற்றித் திரும்பும் அந்தப் பாதையை அவள் தன் பழைய வழக்கப்படி அங்குலம் அங்குலமாகப் பிரித்துப் போட்டாள். பேக்கரி வந்ததும் கண்ணாடி பார். நீலக் கேட் வந்தால் இரண்டாம் கியர். மருந்துக் கடைப் பலகை தெரிந்தால் சிக்னல் போடு. ஆறு வாரத்தில் மூவருக்கும் பாதை தலைகீழ்ப் பாடம். சைலன்ஸர்கூட ஒரு பிசகில்லாமல் ஓட்டினாள். தளபதிக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மத்தியானம், மூவரின் தாள்களைக் கொடுக்க ஆபீஸுக்குப் போனாள். கவுண்ட்டர் கண்ணாடியில் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பாலத்தின் மேல் குழாய் பதிக்கிறார்களாம். நாளை முதல் டெஸ்ட் கிடங்குகள் இருக்கும் பக்கமாக நடக்குமாம்.

அவள் கண்ணாடிக்கு அருகே குனிந்தாள்.

"எந்தெந்தத் தெரு வழியான்னு சொல்ல முடியுமா?"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் டெஸ்ட் எதுக்குங்க?" என்றாள் கவுண்ட்டர் பெண். அவள் கேட்டதில் என்ன தப்பு!

ஒரு மணி நேரத்தில் மூன்று நர்ஸ்களையும் ஒரே காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிடங்குப் பக்கம் போனாள். கிளம்பும் முன்பே ஒரு காகிதத்தில் புது வரைபடம் கிறுக்கி வைத்திருந்தாள். இன்னும் நான்கு மணி நேரம் வெளிச்சம் இருக்கிறது, இந்த நிலத்தையும் மனப்பாடம் செய்துவிடலாம் என்று கணக்கு. சைலன்ஸரை ஓட்ட வைத்தாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தகரக் கதவுகள், ஒரே மாதிரிச் சுவர்கள். முதல் திருப்பத்திலேயே கார் திணறி நின்றுவிட்டது.

"என்னாச்சும்மா? கண்ணாடி ஏன் பார்க்கலை?"

சைலன்ஸர் ஸ்டீரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, மெதுவாகக் கேட்டாள்: "மேடம், பேக்கரி எங்க மேடம்?"

பின்சீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் அதே சந்தேகம்தான்.

தளபதிக்கு அப்போதுதான் உறைத்தது. அட பாவி, ஆறு வாரமா நான் இதுகளுக்குக் கார் ஓட்டவா கத்துக் கொடுத்தேன்? ஒரு பாதையையல்லவா கத்துக் கொடுத்திருக்கேன்! எதற்காகக் கண்ணாடி பார்க்க வேண்டும் என்று ஒருத்திக்கும் தெரியாது. பேக்கரி வந்தால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் தெரியும். தன் மேலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது. பிள்ளைகள் எதிரில் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

கணவனுக்கு ஃபோன் போட்டாள். எங்கோ ஒரு லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டு எடுத்தான். விஷயத்தை மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

"சரி, இதுக்கு என்ன பூ?" என்றான்.

"பூவும் இல்ல, காயும் இல்ல. வழி தெரியாத இடத்துல மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்னு எனக்கு எதுலயும் படிச்ச ஞாபகம் இல்லீங்க."

"அப்போ வழி தெரியாமயே ஓட்டிப் பாருங்க. வேற என்ன செய்ய முடியும்?"

சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் அவள் ஃபோனை வைத்துவிட்டுக் கையிலிருந்த வரைபடத்தை நாலாகக் கிழித்தாள்.

"இதோ பாருங்கம்மா. இனிமே நான் வழி சொல்ல மாட்டேன். பின்னாடி இருக்கிற ரெண்டு பேரும் மாத்தி மாத்தி இடது, வலதுன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லுங்க. ஓட்டுறவ போகணும். நாம இன்னைக்குத் தொலைஞ்சு போறோம்."

"எங்க மேடம்?" என்றாள் அவசரம்.

"அது தெரிஞ்சா அதுக்குப் பேர் தொலைஞ்சு போறதா?"

தொலைந்துதான் போனார்கள். சும்மா சொல்லக் கூடாது, அருமையாகத் தொலைந்தார்கள். ஒரு தெரு மரக்கடைக்குள்ளேயே போய் முடிந்தது. இன்னொன்றில் வலது, வலது, வலது என்று நெட்டை சொல்லிக்கொண்டே போக, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். அவசரம் ஓட்டியபோது தளபதி தன் பக்கத்து பிரேக்கை மிதித்த மிதியில் பின்சீட்டுக்காரிகள் முன்சீட்டுக்கு வந்திருப்பார்கள். ஒரு முட்டுச் சந்தில் முன்னால் சுவர், பின்னால் சரக்கு லாரி. லாரிக்காரர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"இப்ப என்ன மேடம் செய்யணும்?" என்றாள் சைலன்ஸர்.

"உனக்கு என்ன தோணுது?"

அவள் யோசித்தாள். காரை அணைத்தாள். இறங்கிப் போய் லாரிக்காரரிடம் ஏதோ சொன்னாள். ஹாரன் நின்றது, லாரி பின்வாங்கியது. இவள் வந்து உட்கார்ந்து, கண்ணாடி பார்த்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்து, அங்குலம் அங்குலமாகக் காரைப் பின்னால் எடுத்தாள்.

"என்னடி சொன்னே அவர்கிட்ட?"

"கத்துக்கிற பொண்ணுங்கண்ணா, கொஞ்சம் வழி விடுங்கன்னேன்."

ஆறு வாரத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். இருட்டுவதற்குள் மூவரும் சேர்ந்து முப்பது தெருவாவது சுற்றியிருப்பார்கள். போதுமா? தளபதிக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஆபீஸ் முற்றத்தில் பெரிய பள்ளியின் கார்கள் பளபளவென்று நின்றன. முதலாளியே நேரில் வந்திருந்தார். அவருடைய மூவருக்கு முதலில் டெஸ்ட். இரண்டு பேர் பாஸ். ஒருத்தி நடுச்சந்தியில் காரை நிறுத்திவிட்டு அழுதுவிட்டாளாம். அடுத்தது இவளுடைய படை. நெட்டை பாஸ். அவசரம் நகத்தைக் கடித்துக்கொண்டே போனாள், பாஸ் என்று கத்திக்கொண்டே வந்தாள்.

இரண்டுக்கு இரண்டு. சமமானால் தோல்வி. மிச்சம் சைலன்ஸர்.

டெஸ்ட்டுக்கு இருபது நிமிஷம். இருபது ஆயிற்று. முப்பது ஆயிற்று. தளபதி கையைப் பிசைந்தபடி கேட்டுக்கும் பெஞ்சுக்கும் நடந்தாள். நாற்பது நிமிஷமாயிற்று, காரைக் காணோம். "எங்கயாவது இடிச்சிருப்பாளோ" என்று அவசரம் வாயைத் திறக்க, நெட்டை அவள் வாயைப் பொத்தினாள். முதலாளி வந்து பக்கத்தில் நின்றார். தோற்றால் இவரிடம்தானே போய் நிற்க வேண்டும் என்று நினைத்தபோது அவள் அவரைப் பார்க்காமல் மறுபடி கேட்டுக்கு நடந்தாள்.

நாற்பத்தெட்டாவது நிமிஷம் கார் உள்ளே வந்தது. நிதானமாக வந்தது. கோட்டுக்குள் ஒழுங்காக நின்றது. முதலில் இறங்கிய இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ணுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தது?"

"நான்தான் சார்" என்றாள். அவர் காதில் விழவில்லை. மறுபடி சொன்னாள்.

"நடுவுல ஒரு லாரி ரோட்டை அடைச்சு நின்னுடுச்சு. வேற பக்கம் திருப்பச் சொன்னேன். அப்புறம் பார்த்தா, எனக்கே எங்க இருக்கோம்னு தெரியலை. நேத்துதான் எனக்கும் இந்தப் பக்கம் போகச் சொல்லி ஆர்டர் வந்தது. இந்தப் பொண்ணு என்ன செஞ்சுச்சு தெரியுமா? சிக்னல் போட்டு ஓரமா நிறுத்திட்டு, 'பதறாதீங்க சார், அவசரமே இல்ல, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க'ன்னு எனக்குத் தைரியம் சொல்லுது! கடைசியில அதுவேதான் வழி கண்டுபிடிச்சு ஓட்டிட்டு வந்துச்சு. பாஸ், பாஸ். இதை ஃபெயில் பண்ணினா எனக்கே அடுக்காது."

போன உயிர் திரும்பி வந்தது. தளபதி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றரை வருஷமாக இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று தோளிலிருந்து இறங்கிப் போனது. பிள்ளைகள் எதிரில் அழக் கூடாது என்ற சட்டமெல்லாம் காற்றில் போயிற்று. அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். சைலன்ஸர் தன் நர்ஸ் பையிலிருந்து பஞ்சை எடுத்து நீட்டினாள்.

முதலாளி போகிற போக்கில் நின்றார்.

"ரூட் மாறினதும் எங்க பொண்ணு ஒருத்தி கையைத் தூக்கிட்டா. பேக்கரியைத் தேடினாளாம்."

தளபதி நிமிர்ந்தாள். "பேக்கரியையா?"

"ஆமாம்மா. நீ எங்ககிட்ட இருந்தப்போ எழுதி வச்சுட்டுப் போனியே, பேக்கரி வந்தா கண்ணாடி, நீலக் கேட் வந்தா ரெண்டாம் கியர்னு. இன்னைக்கு வரைக்கும் அதை வச்சுத்தானே நடத்துறோம்" என்றார். அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, காத்துக்கொண்டிருந்தார்.

"அப்போ ரெண்டு பக்கத்துக்கும் நானே தளபதியா இருந்திருக்கேன். எனக்கு நானே எதிரியாவும் இருந்திருக்கேன். அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடுங்க சார். நானும் என் தாளை நேத்துதான் கிழிச்சேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மேட்ரனின் அழைப்பு பதினோரு மணிக்கு வந்தது. "அடுத்த வாரம் முதல் கட்டமா நாலு பேர் வருவாங்க. ரெடியா இருங்க" என்றார், அவ்வளவுதான். கணவனுக்குச் சொன்னபோது அவன் லிஃப்டுக்குள் நின்று போட்ட கூச்சல் எத்தனை மாடிக்குக் கேட்டதோ. "வாகைப் பூவுக்கு எங்க போறது, பூக்கடையில கிடைக்குமா?" என்றான். "எனக்குப் பூ வேண்டாங்க. ஒரு தூக்கம் போதும்" என்றாள்.

மூவரையும் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட வேண்டும். சாவியை எடுத்துக்கொண்டு டிரைவர் சீட்டுக்குப் போனவளை சைலன்ஸர் மறித்தாள்.

"நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க மேடம். நான் ஓட்டுறேன்."

நெட்டையும் அவசரமும் பின்னால் ஏறிப் பேச ஆரம்பித்தார்கள். யார் எந்தத் திருப்பத்தில் என்ன செய்தோம் என்று ஒரே களேபரம். இரண்டாவது சிக்னலில் அவசரம், "நான் டெஸ்ட்டுக்குப் போனப்போ நீங்க கேட்லயே நின்னீங்களா மேடம்?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தாள்.

தளபதி ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். மாணவி ஓட்டும் காரில், பகலில், நடுரோட்டில்.

சைலன்ஸர் பச்சை விழக் காத்திருந்தாள். "சத்தம் போடாதீங்கடி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் திருப்பத்தில் திரும்பாமல், நீளமான பாதையில் நேராக விட்டாள்.